களைப்பு ஆறும், தளர்ச்சி ஆறுமா?

உடம்பில் வலுக் குறைவதைச் சொல்லும் சோர்வு, களைப்பு, தளர்ச்சி, மெலிவு முதலிய சொற்கள் ஒரே பொருளைத் தரும் பல சொற்கள் அல்ல என்று சென்ற இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் தாயாரை மருத்துவரிடம் அழைத்துச் சென்றிருந்தேன். “ஒரே களைப்பாக இருக்கிறது” என்றார் அம்மா. “களைப்பா, பலவீனமா?” என்று மருத்துவர் திருப்பிக் கேட்டார். இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டு நான் பேசாமல் இருந்துவிட்டேன். உண்மையிலேயே வேறுபாடு உண்டா?

பதில்: உண்டு. மருத்துவர் அதைச் சொல்லாராய்ச்சிக்காகக் கேட்கவில்லை. நோயை எந்தப் பக்கம் தேடுவது என்பதை அந்த ஒரு சொல்லைக் கொண்டுதான் அவர் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. மாடிப்படி முழுவதையும் ஏறி முடித்தபின் எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்று தோன்றினால் அது களைப்பு. முதற்படியில் கால் வைத்தவுடனேயே தொடை மேலே எழும்ப மறுத்தால் அது பலவீனம். களைத்தவருடைய தசையில் வலிமை இருக்கிறது, அதைத் தொடர்ந்து செலவழிக்கத்தான் அவரால் இயலவில்லை. பலவீனப்பட்டவருக்கோ அந்த வலிமையே குறைந்துபோயிருக்கிறது. அதனால்தான் மருத்துவர் தம் கையை எதிரே வைத்து “தள்ளுங்கள் பார்ப்போம்” என்கிறார். தசையில் சிறு துடிப்புக்கூட இல்லையென்றால் 0, புவியீர்ப்பை மட்டும் எதிர்த்துக் கையையோ காலையோ தூக்க முடிந்தால் 3, அவருடைய கை கொடுக்கும் எதிர்ப்பையும் முழுமையாகத் தாங்கினால் 5 என்று அதற்கு மதிப்பெண் முறையே இருக்கிறது. களைப்பை இப்படிக் கைவைத்துப் பார்க்க வழியில்லை. நோயாளி சொல்வதைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரத்தசோகையும் தைராய்டு சுரப்புக் குறைவும் களைப்பாகவும் சோர்வாகவும் தலைகாட்டுவது வழக்கம். ஒரு பக்கத்துக் கையும் காலும் திடீரென்று வலுவிழப்பது வேறு செய்தி. அது பக்கவாதமாக இருக்கக்கூடும் என்பதால், அதைக் களைப்பு என்று சொல்லிப் படுக்கவைத்து நேரத்தைக் கடத்துவது ஆபத்து.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் தேடும் வேறுபாட்டில் பாதியைத் தமிழே பிரித்து வைத்திருக்கிறது. களைப்பாறுதல், இளைப்பாறுதல் என்று சொல்கிறோம் அல்லவா? புண் ஆறுவது போல, சூடு ஆறுவது போல, களைப்பும் இளைப்பும் தாமாகவே ஆறிப்போகும். ஆனால் ‘சோர்வாறினேன்’ என்றோ ‘தளர்ச்சியாறினேன்’ என்றோ எவரும் சொல்லிக் கேட்டதில்லை. சோர்வை நீக்க வேண்டும், தளர்ச்சியைப் போக்க வேண்டும். உட்கார்ந்திருந்தால் மட்டும் அவை போய்விடுவதில்லை. ஓய்வெடுத்தால் தீருவதையும் ஓய்வெடுத்தாலும் தீராததையும் ‘ஆறு’ என்னும் ஒரு வினைச்சொல் இரண்டு கட்சியாகப் பிரித்துவிடுகிறது.

மனத்தைச் சேர்த்துப் பார்த்தால் இன்னொரு பிரிவும் தெரியும். மனம் சோரும், மனம் தளரும். மனம் களைப்பதாகப் பேச்சில் வருவது அரிது. ‘மனச்சோர்வு’ மருத்துவக் கலைச்சொல்லாகவே நிலைத்துவிட்டது. களைப்பும் அசதியும் உடம்போடு நின்றுகொள்பவை. இவற்றுள் அசதி தனி ரகம்: உடம்பு கனத்துக் கண் தானாக மூடிக்கொள்ளும் நிலை அது. “அசதியில் கண்ணயர்ந்துவிட்டேன்” என்று சொல்லும்போது அந்தக் கனம் முழுவதும் வாக்கியத்தில் இறங்கிவிடுகிறது.

சோர்வு என்னும் சொல்லின் பழைய பொருளை அறிந்தால் அதன் மேல் மரியாதை கூடும். சோர்தல் என்றால் நழுவுதல், வழிதல். கண்ணீர் சோர்ந்தது, கூந்தல் சோர்ந்தது என்று பழம்பாடல்களில் வருவதெல்லாம் அந்தப் பொருளில்தான். “காத்தோம்பல் சொல்லின்கண் சோர்வு” என்று 642ஆம் குறள் சொல்வது களைப்பை அன்று. பேசும்போது வாய் தவறுவதை. பிடியிலிருந்து நழுவுவது என்னும் அந்தக் கருத்தே பின்னர் உடம்புக்கும் வந்தது. சோர்ந்திருக்கும் ஒருவருடைய தோளையும் தொங்கும் கையையும் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கேள்வி: பலவீனமா, பலகீனமா? பலகீனம் என்று எழுதினால் அலுவலகத்தில் திருத்திவிடுகிறார்கள்.

பதில்: திருத்த வேண்டியதில்லை. ‘பலஹீன’ என்னும் வடசொல்தான் இரண்டுக்கும் மூலம். பலம் குறைந்த என்று பொருள். வடமொழியின் ஹகரம் தமிழுக்கு வரும்போது மஹா மகா ஆனதைப் போலக் ககரமாகலாம். ஹிதம் இதம் ஆனதைப் போல மறைந்தும் போகலாம். முதல் வழியில் வந்தது பலகீனம். இரண்டாவது வழியில் ஹீனம் ஈனமாகிறது. பல என்பதோடு ஈனம் சேரும்போது, இரண்டு உயிர்களுக்கு நடுவே தமிழ்ப் புணர்ச்சி வழக்கப்படி வகர உடம்படுமெய் தோன்றிப் பலவீனம் ஆகிறது. ஆக, நாம் கொச்சை என்று ஒதுக்கும் பலகீனம் மூலத்துக்கு நெருக்கமானது; செம்மை என்று போற்றும் பலவீனம் அதிகமாகத் தமிழாகிவிட்டது. எழுத்து வழக்கில் பலவீனம் வென்றுவிட்டதால் நானும் அதையே எழுதுகிறேன். ஒரு குறை மட்டும் எனக்கு உண்டு. “இனிப்பு என் பலவீனம்” என்று, ஆசையையும் இதே சொல்லால் சொல்லும் பழக்கம் ஆங்கிலத்திலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. சபலம் என்ற நல்ல சொல் கையில் இருக்கும்போது அது எதற்கு?

கேள்வி: ‘தள்ளாத வயது’ என்கிறோம். வயதானவர் எதைத் தள்ளாதவர்? தள்ளாடுவதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா? எதிர்மறைச் சொல் ஒன்று முதுமையைக் குறிக்க வந்தது எப்படி?

பதில்: இந்த மாதக் கடிதங்களில் என்னை அதிக நேரம் உட்காரவைத்தது உங்கள் கேள்விதான்.

இங்கே ‘தள்ளு’ என்பது பிடித்துத் தள்ளுவது அன்று. இயலுதல் என்னும் பொருளில் வரும் ‘தள்ளு’. “முன்னைப்போல் எனக்குத் தள்ளவில்லை” என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். என்னால் முடியவில்லை என்பதுதான் பொருள். அதன் எதிர்மறைப் பெயர் தள்ளாமை. இயலாமை என்பதற்கு நேரான சொல். தள்ளாடுவது வேறு. அது நிலை தவறி ஆடுவது; தடுமாறுவதன் உடன்பிறப்பு. அதில் எதிர்மறை எதுவும் இல்லை. ஒலி ஒப்புமையால்தான் இரண்டும் ஒன்றுபோல் தோன்றுகின்றன. குடித்தவரும் தள்ளாடுவார், ஆனால் அவரைத் தள்ளாதவர் என்று சொல்ல மாட்டோம்.

வியப்பு இனிமேல்தான் இருக்கிறது. குறளில் இந்தச் சொல் நேர்மாறான பொருளில் வருகிறது. 731ஆம் குறள் நல்ல நாட்டுக்கு முதல் அடையாளமாக ‘தள்ளா விளையுள்’ என்பதைச் சொல்கிறது. குன்றாத விளைச்சல் என்று உரை காண்கிறார்கள். 596ஆம் குறளில் அந்தப் பெயர்ச்சொல்லே வருகிறது: “உள்ளுவ தெல்லாம் உயர்வுள்ளல் மற்றது தள்ளினுந் தள்ளாமை நீர்த்து.” உயர்வையே எண்ண வேண்டும், அது கைகூடாமல் தவறினாலும் தவறாததற்கு ஒப்பாகும் என்பது கருத்து. அங்கே தள்ளுதல் என்றால் தவறுதல், குன்றுதல். எனவே தள்ளாமை என்றால் தவறாமை, குன்றாமை. இன்றைக்கு நமக்குத் தள்ளுதல் என்றால் இயலுதல். எனவே தள்ளாமை என்றால் இயலாமை. சொல் மாறவில்லை, எதிர்மறை உருபும் மாறவில்லை, வினையின் பொருள் மட்டும் புரண்டது. வலிமையைச் சொன்ன சொல் வலிமை இழந்ததைச் சொல்லத் தொடங்கிவிட்டது. மாணவர்கள் 596ஆம் குறளுக்கு உரை தேடி முதன்முதலில் திகைக்கும் இடம் இது.

தள்ளாமையைத் தளர்ச்சியோடு ஒன்றாக வைக்கவும் முடியாது. தள்ளாமை தெரிவது நாற்காலியிலிருந்து எழும்போதுதான். இரு கைப்பிடிகளையும் அழுத்தி முன்னால் சாய்ந்து ஒருமுறை முயன்று, பாதியில் மறுபடி உட்கார்ந்து, “இரு, வருகிறேன்” என்று சொல்லிவிட்டு இரண்டாம் முறையில் எழுகிறாரே, அந்த இரண்டு முயற்சிகளுக்கு இடைப்பட்ட நொடிதான் தள்ளாமை. தளர்ச்சி அதற்குப் பின் வரும் நடையில் தெரியும். கட்டிய முடிச்சு நெகிழ்வதைத் தளர்தல் என்கிறோம். மூட்டுகளும் தசைகளும் அந்த முடிச்சைப் போலவே இறுக்கம் விட்டுப்போவதால் அந்தச் சொல் உடம்புக்கும் பொருந்திவிட்டது. இதே சொல் குழந்தைக்கும் உரியது. புதிதாக நடக்கத் தொடங்கும் குழந்தையின் நடையைத் ‘தளர்நடை’ என்பது மரபு. பெரியாழ்வார் கண்ணனைத் “தளர்நடை நடவானோ” என்று அழைப்பது இந்தப் பொருளில்தான். குழந்தையின் முடிச்சு இன்னும் இறுகவில்லை, முதியவரின் முடிச்சு இறுகி நெகிழ்ந்தது.

கேள்வி: மருத்துவக் கையேடு ஒன்றைத் தமிழாக்கம் செய்கிறேன். முதியோர் மருத்துவத்தில் ‘ஃபிரெயில்டி’ என்று ஒரு நிலையைச் சொல்கிறார்கள். பலவீனம், மெலிவு, நலிவு, தளர்ச்சி ஆகியவற்றுள் எதை வைப்பது?

பதில்: முதலில் அந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்பதைப் பிடித்துக்கொள்வோம். 2001ஆம் ஆண்டில் அமெரிக்க முதியோர் மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவருடன் பணியாற்றியவர்களும் அதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: முயலாமலே எடை குறைதல், தாமே சொல்லும் சோர்வு, கைப்பிடியின் வலுக்குறைவு, நடைவேகம் குறைதல், உடலியக்கம் சுருங்குதல். இவற்றுள் மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் அந்த நிலை வந்துவிட்டது. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய படி.

இந்த ஐந்தில் பலவீனம் என்பது கைப்பிடி வலுக்குறைவு என்னும் ஓர் அடையாளம் மட்டுமே. உறுப்பின் பெயரை முழுமைக்கு வைத்தால், “பலவீனத்தின் அடையாளங்களுள் ஒன்று பலவீனம்” என்று எழுத வேண்டிய சங்கடம் வரும். மெலிவும் ஒத்துவராது, அது சதை குறைவதைச் சொல்வது. பருத்த உடம்புக்காரருக்கும் இந்த நிலை வரலாம் என்பதுதான் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் எச்சரிக்கை. வயதினால் தசை குறைவதற்கு 1989இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் இர்வின் ரோசன்பர்க் ‘சார்க்கோபீனியா’ என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் சதை என்னும் சொல்லையும் வறுமை, இன்மை என்னும் சொல்லையும் சேர்த்த பெயர் அது. மெலிவை அதற்காக எடுத்துவைத்துத் தசைமெலிவு என்று எழுதுங்கள். அங்கே அது கச்சிதமாக உட்காரும்.

நலிவு அழகான சொல். பழந்தமிழில் நலிதல் என்பது துன்பப்படுவதை மட்டுமல்லாமல் பிறரைத் துன்புறுத்துவதையும் குறித்தது. ஆனால் நலிவுற்ற பிரிவினர், நலிந்த தொழில் என்று எழுதி எழுதி அதைப் பொருளாதாரத்துக்குத் தாரை வார்த்துவிட்டோம். எஞ்சியது தளர்ச்சி. ‘முதுமைத் தளர்ச்சி’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. நீங்கள் தயங்குவீர்கள் என்பதும் தெரியும். சுவரொட்டி மருத்துவர்கள் ‘நரம்புத் தளர்ச்சி’ என்று விளம்பரம் செய்து அந்தச் சொல்லின் மானத்தை வாங்கிவிட்டார்கள். அவர்களுக்காக நல்ல சொல் ஒன்றைக் கைவிட எனக்கு மனமில்லை. முன்னால் ‘முதுமை’ இருக்கும்போது எவரும் தவறாகப் படிக்கப்போவதில்லை.

கேள்வி: சிறுவயதில் என்னைச் ‘சவலைப் பிள்ளை’ என்பார்கள். ஒல்லியாக இருந்ததால் அப்படிச் சொன்னார்கள் என்று இதுவரை நினைத்திருந்தேன். யாப்பிலக்கணத்தில் ‘சவலை வெண்பா’ என்று ஒன்று இருப்பதாக என் பேத்தி சொல்கிறாள். செய்யுளும் ஒல்லியாகுமா?

பதில்: ஆகும். ஆனால் சவலை வெறும் ஒல்லி அன்று. தாய் அடுத்த குழந்தையைக் கருவுற்றதாலோ பெற்றதாலோ, குடித்துக்கொண்டிருந்த பால் நின்றுபோய், அதனால் மெலியும் குழந்தையே சவலை. அப்படி மெலிவதைச் ‘சவலைபாய்தல்’ என்பார்கள். உடம்பின் தோற்றத்தைச் சொல்லாமல் அந்தத் தோற்றம் வந்த காரணத்தையே பெயராக வைத்திருக்கும் சொல் இது. மற்ற மெலிவுச் சொற்களில் இந்த நுட்பம் கிடையாது. உங்களுக்கு அடுத்துத் தம்பியோ தங்கையோ சீக்கிரமே பிறந்திருந்தால், அந்தப் பெயர் உங்கள் உடம்பைவிட உங்கள் வரிசையைப் பற்றியதாக இருக்கலாம்.

இதே காரணத்தை இதே முறையில் பெயராக்கிய இன்னொரு மொழியும் உண்டு. கோல்டு கோஸ்ட் என்று அப்போது அழைக்கப்பட்ட இன்றைய கானாவில் பணியாற்றிய மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், அங்கே குழந்தைகளுக்கு வந்த ஊட்டக்குறை நோயை 1930களில் ஆராய்ந்து எழுதினார். அங்குள்ள கா மொழி பேசும் தாய்மார்கள் அதற்கு வைத்திருந்த ‘குவாஷியோர்கர்’ என்னும் பெயரையே 1935இல் மருத்துவ உலகுக்கும் தந்தார். அடுத்த குழந்தை பிறக்கும்போது முந்தைய குழந்தைக்கு வரும் நோய் என்பது அந்தப் பெயருக்குச் சொல்லப்படும் பொருள். இரண்டும் அப்படியே ஒரே நோய் என்று சொல்லிவிட முடியாது. குவாஷியோர்கரில் குழந்தையின் உடல் வீங்கும், நம் சவலை மெலிவையே குறிக்கிறது. ஆயினும் தொடர்பே இல்லாத இரண்டு மொழிகளில் தாய்மார்கள் ஒரே இடத்தில் விரலை வைத்திருக்கிறார்கள்.

இப்போது பேத்திக்கு. நான்கடி வெண்பாவில் முதல் மூன்று அடிகளுக்கு நான்கு சீர், கடைசி அடிக்கு மூன்று சீர். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் நான்காம் சீராகத் தனிச்சொல் ஒன்று நிற்கும். அந்தத் தனிச்சொல் கிடைக்காமல் இரண்டாம் அடியும் மூன்று சீரோடு நின்றுவிட்டால் அது சவலை வெண்பா. மூதுரையில் “அட்டாலும் பால்சுவையில் குன்றாது” என்று தொடங்கும் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். “நட்டாலும் நண்பல்லார் நண்பல்லர்” என்பதோடு இரண்டாம் அடி முடிந்துவிடும். பேத்தியை விரல் விட்டு எண்ணச் சொல்லுங்கள், மூன்றுதான் வரும். நடுவில் கிடைக்க வேண்டியது கிடைக்காமல் போன பிள்ளை என்று இலக்கணக்காரர்கள் அதற்குப் பெயரிட்டிருக்கிறார்கள். காய்ச்சினாலும் பாலின் சுவை குன்றாது என்று தொடங்கும் பாட்டே பால் இல்லாத பிள்ளையின் பெயரில் எடுத்துக்காட்டாக நிற்பது தற்செயல்தான் என்றாலும், நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது.

கேள்வி: நோஞ்சான், சோனி, சொங்கி, ஒல்லிப்பிச்சான், பூஞ்சை. இவற்றைக் கட்டுரையில் எழுதலாமா?

பதில்: பூஞ்சையை எழுதலாம். ‘பூஞ்சை உடம்பு’ என்னும்போது குறை உடம்போடு நிற்கிறது, ஆளைத் தொடவில்லை. மற்றவை ஆளையே குறையாக்கிவிடுகின்றன; கதையில் ஒரு பாத்திரம் பேசலாம், கட்டுரையாளர் பேசக்கூடாது. நோஞ்சான் என்பது ஆண்பால் ஈறு போலத் தோன்றினாலும் “நோஞ்சானாக இருக்கிறாள்” என்று பெண்ணையும் சொல்கிறோம். வசைக்குப் பால் வேறுபாடு கிடையாது போலும்.

கேள்வி: “இளைத்துவிட்டாயே” என்றால் மகிழ்வதா, வருந்துவதா?

பதில்: சொல்பவரின் வயதைப் பாருங்கள். “துரும்பாய் இளைத்துவிட்டாய்” என்று கையைப் பிடித்துப் பார்ப்பவர் கவலைப்படுகிறார், “நன்றாக இளைத்திருக்கிறாயே, எப்படி?” என்பவர் பாராட்டுகிறார். இரண்டாவது வழக்கம் புதியது. “யாருக்கும் இளைத்தவரல்லர்” என்னும் தொடரில் மட்டும் இளைத்தல் இன்னும் தாழ்வையே குறிக்கிறது. எடை குறைத்த எவரும் அதைக் கேட்டுக் குழம்புவதில்லை.

கேள்வி: இசை நூல் ஒன்றில் ‘மெலிவு, சமன், வலிவு’ என்று படித்தேன். மெலிவு என்றால் வலுவில்லாத குரலா?

பதில்: இல்லை. அவை மூன்று தானங்கள், அதாவது குரல் ஒலிக்கும் உயர்வு தாழ்வு நிலைகள்: மெலிவு கீழ்த்தானம், சமன் நடு, வலிவு மேல், இன்று மந்தரம், மத்தியம், தாரம் என்கிறோம். கீழ்த்தானத்தில் நிலையாக நிற்பதற்குப் பயிற்சி பெற்ற குரல் வேண்டும், ஆகவே வலுவின்மைக்கு அங்கே இடமே இல்லை. மெல்லினம் என்பதையும் இப்படியே கொள்ள வேண்டும். ங, ஞ, ண, ந, ம, ன ஆகியவை ஓசையில் மென்மையானவை. செய்யுளில் தட்டை தண்டை என ஆவதை மெலித்தல் என்கிறது இலக்கணம். அங்கே எழுத்து எதையும் இழப்பதில்லை, ஒலிதான் இளகுகிறது. மென்மையும் மெலிவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. உடம்பைப் பற்றிப் பேசும்போதுதான் அந்த மெலிவு குறையாகிறது.

கேள்வி: ‘அப்பாவுக்கு முடியவில்லை’ என்று வீட்டிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். பதறியடித்துப் போனால் சாதாரணச் சளி. இந்தச் சொல்லுக்கு அளவே கிடையாதா?

பதில்: கிடையாது, அதுதான் அதன் வசதி. “முடியவில்லை” என்னும்போது எதைச் செய்ய முடியவில்லை என்பதை விட்டுவிடுகிறோம். இலங்கையில் “ஏலாமல் இருக்கிறார்” என்பதும் இதே கதைதான். நோயின் பெயரை வாயால் சொல்லத் தயங்கும் வீடுகளில், சளியிலிருந்து மரணப்படுக்கை வரை எல்லாவற்றையும் இந்த ஒரு வினைமுற்று சுமக்கிறது. அடுத்த முறை தொலைபேசியை வைப்பதற்கு முன், விட்டுப்போன வினையெச்சத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: எழுந்திருக்கவா, நடக்கவா, பேசவா, மூச்சு விடவா? பின்னிரண்டில் ஒன்று என்று பதில் வந்தால், நீங்கள் புறப்படுவதற்கு முன்பே ஆம்புலன்ஸ் புறப்பட்டாக வேண்டும்.